ஒரே க்ளிக்கில் 20 ஆயிரம் பேருக்கு மெயில்: இணையதளம் ஏன் திணறுகிறது? தீர்வு என்ன?

ஒரு கல்லூரியின் அட்மிஷன் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்த 20,000 மாணவர்களுக்கும் 'கலந்தாய்வு தேதி மாறியிருக்கிறது' என்று மெயில் அனுப்ப வேண்டும். அலுவலக ஊழியர் 'அனுப்பு' பட்டனை அழுத்துகிறார். திரையில் வட்டம் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்தில் 'எரர்' என்று வந்து நிற்கிறது. அதே நேரத்தில் கட்டணம் கட்ட வந்த மாணவர்களுக்கும் தளம் திறக்கவில்லை.

மெயில் அனுப்புவது அவ்வளவு பெரிய வேலையா? ஒரு மெயில் என்றால் இல்லை. ஆயிரக்கணக்கில் என்றால், அனுப்பும் முறை தெரியாவிட்டால் தளமே படுத்துவிடும். தகவல் போய்ச் சேர வேண்டியவர்களுக்கும் சேராது. இதை எப்படிச் சரியாகச் செய்வது? எளிமையாகப் பார்க்கலாம்.

ஒரு மெயில் கிளம்புவதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது?

மெயில் அனுப்ப உலகம் முழுக்கப் பயன்படுவது 'எஸ்எம்டிபி' என்ற விதிமுறை. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆவணம்தான் இதற்கு அடிப்படை. இரண்டு கணினிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வது போன்ற ஒரு உரையாடல் இது.

முதலில் உங்கள் சர்வர், மெயில் சர்வரின் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து இணைப்பை ஏற்படுத்தும். பிறகு 'நான் இன்னார்' என்று அறிமுகம். அடுத்து பாதுகாப்பான இணைப்புக்கு மாறுதல், பயனர் பெயர், பாஸ்வேர்டு சரிபார்ப்பு. 'அனுப்புநர் இவர்', 'பெறுநர் இவர்', 'செய்தி இது' என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிர்முனை 'சரி' என்று பதில் சொன்ன பிறகுதான் அடுத்ததுக்குப் போக முடியும். கடைசியில் 250 என்ற எண்ணோடு பதில் வந்தால், மெயிலை எதிர்முனை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

இந்த நேரத்தில் உங்கள் சர்வர் பெரிதாக ஒன்றும் உழைப்பதில்லை. பெரும்பாலும் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் பிரச்சனையே.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு மெயிலுக்கு அரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 20,000 மெயிலுக்கு 10,000 விநாடி. அதாவது 2 மணி 46 நிமிடம். எந்த பிரவுசரும், எந்த சர்வரும் ஒரு க்ளிக்குக்கு இவ்வளவு நேரம் காத்திருக்காது.

பைத்தானில் எழுதிய தளங்களை இயக்கும் 'குனிகார்ன்' மென்பொருளில், ஒரு வேலை 30 விநாடிக்குள் முடியாவிட்டால் அந்த வேலையைச் செய்யும் புரோசஸையே நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். அதுதான் இயல்பான அமைப்பு. முன்வாசலில் நிற்கும் 'என்ஜின்எக்ஸ்' இயல்பாக 60 விநாடி வரைதான் பதிலுக்குக் காத்திருக்கும்.

அப்போ நடப்பது என்ன? முதல் 30 விநாடியில் சுமார் 60 மெயில் போயிருக்கும். அதோடு வேலை நின்றுவிடும். ஊழியருக்கு 'எரர்' மட்டும்தான் தெரியும். 'போகலை போலிருக்கு' என்று அவர் மறுபடி அழுத்துவார். திரும்பவும் முதல் ஆளிலிருந்தே தொடங்கும். 5 தடவை அழுத்தினால், பட்டியலில் முதல் 60 பேருக்கு ஆளுக்கு 5 மெயில். மீதி 19,940 பேருக்கு ஒன்றுகூட இல்லை.

தளம் ஏன் மற்றவர்களுக்கும் முடங்குகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. இரண்டு கோர் உள்ள சிறிய சர்வரில், குனிகார்ன் பரிந்துரைக்கும் கணக்குப்படி 5 புரோசஸ்கள் ஓடும். அதில் ஒன்று மெயில் அனுப்புவதில் மாட்டிக்கொண்டால் மீதி 4. பட்டனை அடுத்தடுத்த டேப்களில் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஐந்துமே மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வரும் யாருக்கும் பதில் சொல்ல ஆளில்லை.

தீர்வு என்ன?

ஓட்டலுக்குப் போகிறீர்கள். சப்ளையரிடம் 'ஒரு மசால் தோசை' என்கிறீர்கள். அவர் சமையல்கட்டில் ஆர்டரைச் சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார். தோசை வேகும் வரை அவரே கல்லு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தால், மற்ற டேபிள்காரங்க எழுந்து போயிடுவாங்க.

இணையதளத்திலும் இதே ஏற்பாடுதான் தேவை. பட்டனை அழுத்தியதும் தளம் மெயிலை அனுப்பக் கூடாது. 'இந்த வேலையைச் செய்' என்ற சீட்டை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, 'அனுப்பும் பணி தொடங்கியது' என்று உடனே பதில் சொல்லிவிட வேண்டும். இந்த வரிசைக்குப் பெயர்தான் 'க்யூ'. அதிலிருந்து சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து, பின்னணியில் மெயில் அனுப்பும் தனி புரோகிராமுக்குப் பெயர் 'வொர்க்கர்'.

இதில் இரண்டு லாபம். ஊழியருக்கு ஒரு விநாடிக்குள் பதில் கிடைக்கும். மெயில் சர்வர் மெதுவாக இருந்தாலும், சற்று நேரம் செயல்படாமல் போனாலும் தளத்துக்குப் பாதிப்பு இல்லை. சீட்டுகள் வரிசையில் காத்திருக்கும், அவ்வளவுதான்.

என்ன மென்பொருள் வேண்டும்?

வரிசையைப் பராமரிக்க ரெடிஸ், ராபிட்எம்க்யூ, அமேசான் எஸ்க்யூஎஸ் போன்றவை பரவலாகப் பயன்படுகின்றன. வொர்க்கராக பைத்தானில் செலரி, ரூபியில் சைட்கிக், நோட் ஜேஎஸ்ஸில் புல்எம்க்யூ ஆகியவை உண்டு. பிஎச்பியில் லாராவெல் பயன்படுத்துபவர்களுக்கு க்யூ வசதி கூடவே வருகிறது.

'எங்களுடையது சின்ன தளம், இதெல்லாம் நிறுவ வசதியில்லை' என்கிறீர்களா? டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும். பெறுநர், எந்த மெயில், நிலை என்ன என்று வரிசையாக எழுதி வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு 'கிரான்' புரோகிராம், காத்திருப்பதில் 50, 100 என்று எடுத்து அனுப்பட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முந்தைய சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிட்டால், இரண்டும் ஒரே ஆளுக்கு அனுப்பிவிடும். இதைத் தடுக்க, ஒரு சுற்று எடுத்த வரிகளை இன்னொன்று தொடாதபடி பூட்ட வேண்டும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் 8 இரண்டிலும் 'பூட்டியதைத் தாண்டிப் போ' என்று சொல்லும் வசதி இருக்கிறது.

20 ஆயிரம் சீட்டையும் பட்டனே போடலாமா?

வேண்டாம். 20,000 பேரின் விவரத்தையும் டேட்டாபேஸிலிருந்து எடுத்து, 20,000 சீட்டு எழுதுவதற்கே பல விநாடிகள் ஆகலாம். பட்டன் போட வேண்டியது ஒரே ஒரு சீட்டு: 'இந்த அறிவிப்பை எல்லோருக்கும் அனுப்பு'. அதை எடுக்கும் வொர்க்கர், மாணவர்களை 500 பேர் கொண்ட தொகுதிகளாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு சீட்டு எழுதும். ஆளுக்கு ஒரு சீட்டு என்றால், ஒருவரின் முகவரி தப்பாக இருந்தாலும் அது மற்ற 19,999 பேரைப் பாதிக்காது.

மெயிலில் பெயர், விண்ணப்ப எண் எல்லாம் சேர்த்து வடிவமைக்கும் வேலையும் வொர்க்கரில்தான் நடக்க வேண்டும். சீட்டில் மாணவரின் பதிவு எண் மட்டும் இருந்தால் போதும்.

இன்னொரு நுணுக்கம். சீட்டு எப்போது வரிசைக்குப் போகிறது என்பதும் முக்கியம். மாணவர் பதிவு செய்கிறார். டேட்டாபேஸில் அந்தப் பதிவு உறுதியாவதற்கு முன்பே சீட்டு போய்விட்டால், வேகமான வொர்க்கர் அதை எடுத்து, 'இப்படி ஒரு மாணவரே இல்லையே' என்று தடுமாறும். அதைவிட மோசம், பதிவு பாதியில் ரத்தாகிவிடும், ஆனால் 'பதிவு வெற்றி' என்ற மெயில் மட்டும் போய்விடும். எனவே பதிவு உறுதியான பிறகே சீட்டு போக வேண்டும். ஜாங்கோ, லாராவெல் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு.

வேகத்தை எப்படிக் கூட்டுவது?

முதல் வழி, ஒரே இணைப்பில் பல மெயில்களை அனுப்புவது. ஒவ்வொரு மெயிலுக்கும் புதிதாக அறிமுகம், பாஸ்வேர்டு என்று தொடங்கினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். உதாரணமாக, ஜாங்கோவில் ஒற்றை மெயிலுக்கான கட்டளை ஒவ்வொரு முறையும் புது இணைப்பைத் திறக்கும். மொத்த மெயிலுக்கான கட்டளை ஒரே இணைப்பில் எல்லாவற்றையும் அனுப்பும்.

இரண்டாவது வழி, வொர்க்கர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. விநாடிக்கு 2 மெயில் அனுப்பும் வொர்க்கர் 10 இருந்தால், விநாடிக்கு 20 மெயில். 2 மணி 46 நிமிட வேலை சுமார் 17 நிமிடத்தில் முடியும்.

அப்படியென்றால் 100 வொர்க்கர் வைக்கலாமே? அங்கேதான் கவனம் தேவை. ஒவ்வொரு மெயில் சேவைக்கும் வரம்பு உண்டு. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நாளுக்கு 500 மெயில்தான். கட்டணம் செலுத்தும் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்கில் 2,000. அமேசான் எஸ்இஎஸ் சேவையில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சோதனைக் காலத்தில் 24 மணி நேரத்துக்கு 200 மெயில், விநாடிக்கு ஒன்று. விண்ணப்பித்து அனுமதி வாங்கினால்தான் வரம்பு கூடும். தேவைப்படும் நாளுக்கு முன்கூட்டியே இதைச் செய்து வைத்துவிட வேண்டும்.

'நாமே மெயில் சர்வர் வைச்சுக்கலாமே' என்ற யோசனையும் வரலாம். அமேசான், கூகுள் கிளவுட் சர்வர்களிலிருந்து 25-ம் எண் போர்ட் வழியாக வெளியே மெயில் அனுப்புவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். செலவும் பெரிய காரணமில்லை. எஸ்இஎஸ் சேவையில் 1,000 மெயிலுக்கு அடிப்படைக் கட்டணம் 10 அமெரிக்க சென்ட். அதாவது 20,000 மெயிலுக்கு 2 டாலர்.

ஆனால் இணைப்புக் கோப்பு சேர்த்தால் நிலைமை மாறும். 2 எம்பி பிடிஎஃப்பை 20,000 பேருக்கு அனுப்பினால் 40 ஜிபி. மெயிலுக்காக எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது அது மூன்றில் ஒரு பங்கு பெருத்து, 53 ஜிபியைத் தாண்டும். கோப்பைத் தளத்தில் வைத்து, மெயிலில் லிங்க் மட்டும் கொடுப்பதே நல்லது.

ஓடிபி ஏன் லேட்டா வருது?

க்யூ வைத்த பிறகும் பல தளங்கள் கோட்டை விடும் இடம் இது. 20,000 அறிவிப்பு மெயில்கள் வரிசையில் நிற்கின்றன. அப்போது ஒரு மாணவர் கட்டணம் கட்ட லாகின் செய்கிறார். அவருக்கான ஓடிபி மெயில் 20,001-வது ஆளாக அதே வரிசையில் போய் நிற்கும். விநாடிக்கு 20 என்ற வேகத்திலும் அவருக்கு மெயில் போக 17 நிமிடம். ஓடிபியின் ஆயுள் 10 நிமிடம் என்றால், கைக்கு வரும்போதே அது காலாவதி. கடைசி நாளில் கட்டணம் கட்ட வந்தவராக இருந்தால், அவருக்கு ஒரு சீட்டே போய்விடலாம்.

இதற்குத் தீர்வு எளிது. ஓடிபி, பாஸ்வேர்டு மாற்றம், கட்டண ரசீது ஆகியவற்றுக்குத் தனி வரிசை, தனி வொர்க்கர். அறிவிப்பு, செய்திமடல் போன்றவற்றுக்கு வேறு வரிசை. ஆம்புலன்ஸுக்குத் தனி வழி விடுவது மாதிரி. மொத்த மெயில்களை வேறொரு துணை டொமைனிலிருந்து அனுப்புவதும் நல்லது. அவற்றின் மீது 'ஸ்பேம்' புகார் வந்தாலும் ஓடிபி மெயில் பாதிக்கப்படும் வாய்ப்பு குறையும்.

மெயில் போகவில்லை என்றால்?

மெயில் சர்வர் தரும் பதில் எண்ணைப் பார்த்தாலே காரணம் பிடிபடும். 4-ல் தொடங்கினால் தற்காலிகச் சிக்கல், பிறகு முயற்சி செய்யலாம். 5-ல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. உதாரணமாக, இல்லாத முகவரிக்கு அனுப்பினால் 550 என்று வரும்.

தற்காலிகச் சிக்கல் என்றால், அடுத்த விநாடியே திரும்ப முட்டக் கூடாது. 1 நிமிடம், 5 நிமிடம், 30 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எஸ்எம்டிபி விதிமுறையே மெயில் சர்வர்களுக்குக் குறைந்தது 30 நிமிட இடைவெளியையும், 4 முதல் 5 நாள் வரை முயற்சியைத் தொடர்வதையும் பரிந்துரைக்கிறது. ஆனால் ஓடிபியை அப்படி முயற்சிக்கக் கூடாது. ஆயுள் முடிந்த ஓடிபியை அனுப்பி என்ன பயன்?

நிரந்தர மறுப்பு வந்த முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். திரும்பி வரும் மெயில்கள் 5 சதவீதத்தை எட்டினால் அமேசான் எஸ்இஎஸ் உங்கள் கணக்கைக் கண்காணிப்பில் வைக்கும். 10 சதவீதத்தை எட்டினால் அனுப்புவதையே நிறுத்தி வைக்கலாம்.

ஒருவருக்கே இரண்டு முறை போகாமல் இருக்க, ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒவ்வொரு பெறுநருக்கும் சேர்த்து டேட்டாபேஸில் ஒரே ஒரு பதிவுதான் இருக்க முடியும் என்று கட்டுப்பாடு வைக்க வேண்டும். மெயில் ஏற்கப்பட்டதும் 'சென்றது' என்று குறித்துவிட வேண்டும். குறிப்பதற்குள் கரண்ட் போனால் மட்டும் ஒரு மெயில் இரட்டிப்பாகப் போக வாய்ப்பு உண்டு. அந்தச் சிறு இடைவெளியை முழுக்க அடைக்க முடியாது.

இன்பாக்ஸுக்குப் போகுமா, ஸ்பேமுக்குப் போகுமா?

தளம் வேகமாக அனுப்பினால் மட்டும் போதாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

- எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று அடையாளச் சான்றுகளும் டொமைனில் இருக்க வேண்டும். 'இந்த மெயில் உண்மையிலேயே இவர் அனுப்பியதுதான்' என்பதற்கான ஆதாரம் இவை.
- விளம்பர மெயில்களிலிருந்து ஒரே க்ளிக்கில் விலகும் வசதி வேண்டும். விலகியவரை 2 நாளுக்குள் நீக்க வேண்டும்.
- ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது 1,000 மெயிலுக்கு 3 புகார் வந்தாலே சிக்கல்.

2025 மே முதல் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கும் நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பும் டொமைன்களுக்கு இந்த மூன்று அடையாளச் சான்றுகளைக் கட்டாயமாக்கியது.

எல்லோரையும் 'டு' பகுதியில் போட்டு ஒரே மெயிலாக அனுப்பலாமா?

கூடவே கூடாது. 1978-ல் கேரி துர்க் என்பவர் கணினி விற்பனை அறிவிப்பை ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் மெயில் என்று இதைத்தான் சொல்கிறார்கள். முகவரிகள் 'டு' பகுதியில் கொள்ளாமல் மெயிலின் உள்ளேயே வழிந்தன.

அன்று அது எரிச்சல் மட்டும்தான். இன்று உயிருக்கே ஆபத்தாகலாம். 2021 செப்டம்பரில், ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேற்றப்பட வேண்டியவர்களுக்கு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் அனுப்பிய மெயிலில் எல்லா முகவரிகளும் 'டு' பகுதியில் இருந்தன. 245 பேரின் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரிந்துவிட்டன. தாலிபன்கள் கையில் அந்தப் பட்டியல் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையர் 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்.

ஆளுக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு மெயில் என்ற முறையில் இந்த ஆபத்துக்கே இடமில்லை.

சுருக்கமாக, கவனிக்க வேண்டியவை:

- பட்டன் மெயில் அனுப்பக் கூடாது. ஒரு சீட்டை க்யூவில் போட்டுவிட்டு உடனே பதில் தர வேண்டும்.
- டேட்டாபேஸில் பதிவு உறுதியான பிறகே சீட்டு போக வேண்டும்.
- ஆளுக்கு ஒரு சீட்டு. 'டு' பகுதியில் ஒரே ஒரு முகவரி.
- ஓடிபிக்குத் தனி வரிசை, தனி வொர்க்கர்.
- மெயில் சேவையின் வரம்புக்கு ஏற்ற வேகம். கூடுதல் வரம்பு தேவையென்றால் முன்கூட்டியே விண்ணப்பம்.
- 4-ல் தொடங்கும் பதிலுக்கு இடைவெளி விட்டு மறுமுயற்சி. 5-ல் தொடங்கினால் முகவரியை நீக்கவும்.
- பெரிய கோப்புக்குப் பதிலாக லிங்க்.

கடைசியாக ஒன்று. 'அனுப்பு' பட்டனுக்குப் பக்கத்திலேயே '20,000-ல் 8,450 சென்றது, 12 திரும்பியது' என்று ஓடும் கணக்கைக் காட்டுங்கள். பட்டனை ஒருமுறை அழுத்தியதும் அது மங்கிவிடட்டும். வேலை நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால், யாரும் இரண்டாவது முறை அழுத்த மாட்டார்கள்.